உணவுக் குழாயில் புற்று நோய்: சர்க்கரை காட்டிக் கொடுக்குமா?

எலியைப் பிடிக்க என்ன செய்வார்கள்? பொறியில் மசால் வடையை வைப்பார்கள். வடை வாசனைக்கு எலி வரும். அகப்பட்டுக் கொள்ளும்.

புற்று நோயைப் பிடிக்கவும் விஞ்ஞானிகள் இப்படி ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். அந்தப் பொறியில் உள்ள "மசால் வடை" எது தெரியுமா?

சர்க்கரை!

ஆம். புற்று நோய்க்குச் சர்க்கரை அதிகம் வேண்டும். பக்கத்தில் உள்ள நல்ல சதையை விட அது வேகமாகச் சர்க்கரையை இழுத்துக் கொள்ளும். ஆகவே, கதிர் வீசும் சர்க்கரையை ஊசி மூலம் ரத்தத்தில் செலுத்துகிறார்கள். அது எங்கே போய்ச் சேருகிறது என்று படம் பிடிக்கிறார்கள். நோய் உள்ள இடம், விளக்குப் போட்டது போலப் பளிச்சென்று தெரியும்.

இதற்குப் பெயர் "பெட்" படம்.

உணவுக் குழாயில் புற்று நோய் என்று தெரிந்தால், பல நோயாளிகளுக்கு டாக்டர்கள் இந்தப் படத்தை எடுக்கச் சொல்கிறார்கள். "பெட் படத்தில் ஒன்றும் இல்லை" என்று கேட்டதும் குடும்பமே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. "படத்தில் ஒளி தெரிகிறது" என்று கேட்டதும் குடும்பமே அழுகிறது.

ஆனால், நோய் ஆரம்ப நிலையில் இருக்கும்போது, இந்த இரண்டுமே தப்புக் கணக்காகப் போகலாம்! சின்ன எலி பொறியில் அகப்படாமல் தப்பி விடும். எலி அல்லாத வேறு பிராணி வந்து பொறியில் விழுவதும் உண்டு.

அப்படியானால் பெட் படத்தை எப்போது நம்புவது? எதற்காக நம்புவது? இதோ விவரம்:-

10 அங்குலக் குழாய்

வாயில் போட்ட உணவு வயிற்றுக்குப் போகும் பாதைதான் உணவுக் குழாய். தொண்டையில் தொடங்கி, நெஞ்சுக் கூட்டின் வழியாக இறங்கி, இரைப்பையில் போய் முடிகிறது. நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். அதாவது 10 அங்குலம்.

இந்தக் குழாய்க்கு முன்னால் மூச்சுக் குழாய் இருக்கிறது. பக்கத்திலேயே இதயமும், பெரிய ரத்தக் குழாயும் இருக்கின்றன. ஆகவே, இங்கே ஆபரேஷன் செய்வது லேசான காரியம் அல்ல.

2022-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 5 லட்சத்து 11 ஆயிரம் பேருக்கு இந்தக் குழாயில் புற்று நோய் உண்டானது. அதே ஆண்டில் சுமார் 4 லட்சத்து 45 ஆயிரம் பேர் இந்த நோயால் இறந்தார்கள்.

நோய் வந்தவர்களின் எண்ணிக்கையையும், இறந்தவர்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லை!

ஏன் இப்படி? நோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரிய வருகிறது. அதுதான் காரணம்.

உணவுக் குழாய் ரப்பரைப் போல விரிந்து கொடுக்கும். உள்ளே சின்னக் கட்டி இருந்தாலும் இட்லியும் சோறும் தடை இல்லாமல் இறங்கி விடும். வலியும் இராது. கட்டி நன்றாக வளர்ந்து, பாதை குறுகிய பிறகே, "சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது" என்று நோயாளி சொல்லுவார்.

சுவரில் கறையான்

உணவுக் குழாயின் சுவர் சில மில்லிமீட்டர் கனமே உள்ளது. அதற்குள் பல அடுக்குகள் இருக்கின்றன. உணவு உரசிச் செல்லும் உள் தோல் முதல் அடுக்கு. அதற்கு அடுத்தது, ரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகிற அடுக்கு. அதற்கு வெளியே சதை அடுக்கு.

புற்று நோய் முதலில் உள் தோலில்தான் தோன்றுகிறது. பிறகு அடுக்கடுக்காக வெளியே இறங்குகிறது.

வீட்டுச் சுவரில் கறையான் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல் பூச்சோடு இருந்தால் சுரண்டி எடுத்து விடலாம். சுவருக்குள் இறங்கி விட்டால், சுவரையே இடிக்க வேண்டி வரும்.

உணவுக் குழாயிலும் இதே கதைதான்.

நோய் உள் தோலோடு நின்றால், அது வேறு இடத்துக்குப் பரவி இருப்பது மிக அபூர்வம். வாய் வழியாகக் குழாயை விட்டு, நோய் உள்ள தோலை மட்டும் உரித்து எடுத்து விடலாம். நெஞ்சைத் திறக்க வேண்டியது இல்லை.

நோய் இரண்டாவது அடுக்குக்குள் இறங்கி விட்டால் நிலைமை மாறி விடுகிறது. அங்கே நிணநீர்க் குழாய்கள் வலை போல ஓடுகின்றன. அவற்றின் வழியாக நோய் பயணம் புறப்பட்டு விடும். இப்படிப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கோ, அதற்கு மேலோ, நிணநீர் முடிச்சுகளில் நோய் பரவி இருக்கும். (காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் "நெறி கட்டி" இருக்கிறது என்கிறோமே, அதுதான் நிணநீர் முடிச்சு. நெஞ்சுக்குள்ளும் அப்படி நிறைய உண்டு.) அப்போது உணவுக் குழாயையே வெட்டி எடுக்கும் பெரிய ஆபரேஷன் தேவைப்படலாம். இரைப்பையை மேலே இழுத்து, குழாய் போலத் தைத்துப் பொருத்துவார்கள்.

ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் ஆழ வித்தியாசம்தான்! ஆனால், நோயாளியின் தலை எழுத்தையே அது மாற்றி விடுகிறது.

ஆகவே, டாக்டர்கள் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறார்கள். நோய் எவ்வளவு ஆழம் இறங்கி இருக்கிறது? எவ்வளவு தூரம் பரவி இருக்கிறது?

கத்தி விழுங்கியவர்

எக்ஸ்ரே கூட இல்லாத காலம். ஜெர்மனி நாட்டில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் பெயர் அடால்ப் குஸ்மால். உணவுக் குழாயின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் வழி தெரியவில்லை.

அப்போது, கத்தி விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைப் பற்றி அவருக்குத் தெரிய வந்தது. நீளமான கத்தி, தொண்டை வழியாக நேராக உள்ளே இறங்குகிறது. வித்தைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை!

"கத்தி இறங்கும் இடத்தில் குழாய் இறங்காதா?" என்று டாக்டர் நினைத்தார். 1868-ல் அந்த வித்தைக்காரரின் தொண்டைக்குள் உலோகக் குழாய் ஒன்றை விட்டுப் பார்த்தார். குழாய் இறங்கியது. ஆனால், அந்தக் காலத்து விளக்கின் வெளிச்சம் போதவில்லை.

அதன் பிறகு 89 ஆண்டுகள் கழிந்தன. 1957-ல் அமெரிக்காவில் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற டாக்டர், கண்ணாடி நூல்களால் ஆன வளையும் குழாயை உருவாக்கினார். அதை முதலில் யாருடைய தொண்டையில் விட்டார் தெரியுமா? தன்னுடைய தொண்டையிலேதான்!

அந்தக் குழாயின் வாரிசுதான் இன்றைய "எண்டாஸ்கோப்பி". அதன் நுனியில் இப்போது சின்னக் காமிரா இருக்கிறது. உணவுக் குழாயின் உள் தோலை டாக்டர் டெலிவிஷன் திரையில் பெரிதாகப் பார்க்கிறார். சந்தேகமான இடத்தில் துளி சதையைக் கிள்ளி எடுக்கிறார். அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, "இது புற்று நோய்தான்" அல்லது "இது புற்று நோய் இல்லை" என்று சொல்லுகிறார்கள். இதற்குப் பெயர் "பயாப்சி".

உள்ளே இருப்பதை எண்டாஸ்கோப்பி நேராகப் பார்க்கிறது. ஆனால் அது குழாய்க்கு உள்ளே மட்டுமே பார்க்கும். நோய் ஈரலுக்குப் போய் விட்டதா, எலும்புக்குப் போய் விட்டதா என்பது அதற்குத் தெரியாது.

அங்கேதான் "பெட்" படம் கை கொடுக்கிறது.

சர்க்கரைப் பொறி பிறந்த கதை

புற்று நோய் அதிகமாகச் சர்க்கரையைச் செலவழிக்கிறது என்பதை 1920-களிலேயே ஒருவர் கவனித்தார். அவர் ஜெர்மனி விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க்.

1932-ல் கார்ல் ஆண்டர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி "பாசிட்ரான்" என்ற நுண்ணிய துகளைக் கண்டுபிடித்தார். அதற்காக 1936-ல் நோபல் பரிசு பெற்றார். பாசிட்ரானும் எலெக்ட்ரானும் எதிரும் புதிருமானவை. இரண்டும் சந்தித்தால் இரண்டுமே அழிந்து விடும். அழியும்போது இரண்டு கதிர்கள் கிளம்பும். ஒன்று கிழக்கே போனால் மற்றொன்று மேற்கே போகும்.

இந்த இரண்டு உண்மைகளும் பல ஆண்டுகள் தனித்தனியே கிடந்தன. 1970-களில்தான் ஒன்று சேர்ந்தன.

அமெரிக்காவில் புரூக்ஹேவன் என்ற இடத்தில் பெரிய விஞ்ஞானக் கூடம் இருக்கிறது. அங்கே டாட்சுவோ இடோ என்ற ஜப்பானியரும் அவருடைய கூட்டாளிகளும், பாசிட்ரான் வெளியிடும் ஒரு வகைச் சர்க்கரையைத் தயாரித்தார்கள். அதற்குச் சுருக்கமாக "எப்.டி.ஜி." என்று பெயர்.

இந்தச் சர்க்கரை ஒரு போலிச் சர்க்கரை! உடம்பில் உள்ள அணுக்கள் இதை உண்மைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்துக் கொள்கின்றன. உள்ளே போன பிறகு அதைச் செரிக்க முடிவதில்லை. அது அங்கேயே மாட்டிக் கொண்டு, தான் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுக்கிறது.

அதில் ஒரு சங்கடம் உண்டு. அதன் கதிர் சக்தி 110 நிமிடத்தில் பாதியாகி விடும். இன்னொரு 110 நிமிடத்தில் கால் பங்காகி விடும். செய்து வைத்து, அடுத்த வாரம் உபயோகிக்க முடியாது!

ஆகவே, 1976-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சுடச்சுடத் தயாரித்த அந்தச் சர்க்கரை, விமானத்தில் பிலடெல்பியா நகருக்குப் பறந்தது. அங்கே தாமாக முன்வந்த இரண்டு பேருக்கு ஊசி போட்டார்கள். மனித உடம்பில் அது சென்றது அதுவே முதல் தடவை. அப்போது மூளையைத்தான் படம் பிடித்தார்கள். புற்று நோயைத் தேட அது பிற்பாடு பயன்பட்டது.

இந்தியாவில் முதல் "பெட்" எந்திரம் 2002-ல் மும்பையில் வேலை செய்யத் தொடங்கியது. இப்போது சென்னை, வேலூர், கோவை, மதுரை ஆகிய ஊர்களிலும் இந்த வசதி இருக்கிறது.

காவல்காரர் வட்டம்

"பெட்" எந்திரம் பார்வைக்கு ஒரு பெரிய உளுந்து வடை போல இருக்கும். நடுவில் ஓட்டை. அந்த ஓட்டைக்குள் கட்டிலோடு நோயாளியை நகர்த்துகிறார்கள்.

ஓட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கான கதிர் உணரும் கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. வட்டமாக நிற்கும் காவல்காரர்கள் என்று அவற்றை வைத்துக் கொள்ளலாம். உடம்பில் இருந்து இரண்டு கதிர்கள் எதிர் எதிர்த் திசையில் கிளம்பியதும், எதிர் எதிரே நிற்கும் இரண்டு காவல்காரர்கள் ஒரே சமயத்தில் கூவுகிறார்கள். அந்த இருவருக்கும் நடுவே கோடு இழுத்தால், அந்தக் கோட்டில் எங்கோதான் சர்க்கரை இருக்கிறது. இப்படி லட்சக் கணக்கான கோடுகளைக் கம்ப்யூட்டர் இழுக்கிறது. கோடுகள் அதிகமாக ஒன்று கூடும் இடம் பளிச்சென்று தெரிகிறது.

கூடவே "சி.டி. ஸ்கேன்" என்னும் எக்ஸ்ரே படத்தையும் எடுத்து, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கிறார்கள். ஒளி எந்த உறுப்பில் இருக்கிறது என்று அப்போது புரிகிறது.

படம் எடுப்பது எப்படி?

நோயாளி 4 மணி முதல் 6 மணி நேரம் வரை எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். காபி, டீ, பழரசம் கூடாது.

முதலில் ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்ப்பார்கள். அது அதிகமாக இருந்தால் படம் தெளிவாக விழாது. நீரிழிவு உள்ளவர்கள் என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.

பிறகு கையில் ஊசி போடுவார்கள். சுமார் ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்திருக்க வேண்டும். நடக்கக் கூடாது. வெற்றிலை, சுவிங்கம் எதையும் மெல்லக் கூடாது. அதிகம் பேசவும் கூடாது. ஏன் என்றால், வேலை செய்கிற சதை சர்க்கரையை இழுத்துக் கொள்ளும். நோய் இல்லாத இடத்தில் ஒளி தெரியும்.

அதன் பிறகு படம் எடுக்க சுமார் அரை மணி நேரம் ஆகும். வலி இல்லை.

வீடு திரும்பியதும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். சர்க்கரை சிறுநீரில் வெளியேறி விடும். அன்று சில மணி நேரத்துக்குக் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு விலகி இருப்பது நல்லது. கர்ப்பமாக இருக்கும் பெண்களும், பால் கொடுக்கும் தாய்மார்களும் படம் எடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

சின்ன எலி தப்பி விடும்

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

பெட் எந்திரத்தின் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த நோய் பல சமயம் அதன் கண்ணில் படாது. உணவுக் குழாயில் ஆரம்ப நிலைப் புற்று நோய் எப்படி இருக்கும்? உள் தோலில் மெல்லிசாகப் படர்ந்து, அப்பளத் துண்டு ஒட்டினாற்போல இருக்கும். அது இழுக்கும் சர்க்கரையும் கொஞ்சம்தான். ஆகவே படத்தில் ஒளியே தெரியாமல் போகலாம்.

ஒளி தெரிந்தாலும், நோய் முதல் அடுக்கில் இருக்கிறதா, இரண்டாவது அடுக்கில் இருக்கிறதா என்று பெட் படத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால், ஆரம்ப நிலையில் டாக்டருக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயமே அதுதான்!

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகர டாக்டர்கள் 2007-லும், ஹூஸ்டன் நகர டாக்டர்கள் 2014-லும் இதை ஆராய்ந்து எழுதினார்கள். மேலோடு நிற்கும் உணவுக் குழாய்ப் புற்று நோயை அளந்து சொல்லப் பெட் படம் உதவவில்லை என்பதே இருவர் முடிவும்.

ஆகவே, எண்டாஸ்கோப்பியும் பயாப்சியும் "புற்று நோய்" என்று சொல்லி விட்டால், "பெட் படம் சுத்தமாக இருக்கிறதே" என்று சிகிச்சையைத் தள்ளிப் போடக் கூடாது. அப்படித் தள்ளிப் போட்டால், உரித்து எடுக்க வேண்டிய நோய், வெட்டி எடுக்க வேண்டிய நோயாகி விடும்.

அயோடின் காட்டும் வழி

ஆரம்ப நோயைப் பிடிக்க டாக்டர்களிடம் வேறு தந்திரம் இருக்கிறது. அதிலும் சர்க்கரைதான் கதாநாயகன்!

உணவுக் குழாயின் நல்ல தோலில் "கிளைகோஜன்" என்ற சேமிப்புச் சர்க்கரை இருக்கிறது. எண்டாஸ்கோப்பிக் குழாய் வழியாக அயோடின் கரைசலைத் தெளித்தால், அந்தத் தோல் பழுப்பு நிறமாக மாறும். புற்று நோய் பிடித்த இடத்தில் அந்தச் சேமிப்பு இல்லை. அந்த இடம் மட்டும் நிறம் ஏறாமல் வெளுப்பாக நிற்கும்.

சில மில்லிமீட்டர் நோயைக் கூட இப்படிக் கண்டுபிடிக்கலாம். நம் நாட்டில் அதிகமாகக் காணப்படும் வகைக்கு இந்த முறை ஏற்றது. நிறம் மாற்றிய ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும் புது வகை எண்டாஸ்கோப்பியும் வந்திருக்கிறது.

ஆழத்தை அளக்க, நுனியில் ஒலி அலைக் கருவி பொருத்திய எண்டாஸ்கோப்பி உண்டு. அதுவும் சில சமயம் தவறும். கடைசித் தீர்ப்புச் சொல்வது எது?

எடுத்த சதையே!

நோய் உள்ள தோலுக்கு அடியில் மருந்து நீரை ஊசி மூலம் செலுத்துவார்கள். தோல் கொப்புளம் போல மேலே எழும்பும். மின்சாரக் கத்தியால் சுற்றிலும் அறுத்து, ஒரே துண்டாக உரித்து எடுப்பார்கள். ஜப்பான் டாக்டர்கள் 1990-களில் வளர்த்த கலை இது. உரித்த தோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று திட்டமாகத் தெரிந்து விடும். மேலோடு நின்றிருந்தால், பரிசோதனையே சிகிச்சையாகவும் முடிந்து விடுகிறது!

ஒளி எல்லாம் நோய் அல்ல

மூளை எப்போதும் சர்க்கரை தின்னும். இதயமும் தின்னும். ஆகவே அவை படத்தில் ஒளி வீசும். சிறுநீர்ப்பையும் ஒளி வீசும். அது நோய் அல்ல.

புண், வீக்கம், கிருமி உள்ள இடங்களும் சர்க்கரையை இழுக்கும். நெஞ்செரிச்சலால் உணவுக் குழாயில் புண் இருந்தால் அங்கே ஒளி தெரியும். பயாப்சி எடுத்த காயம் ஆறாமல் இருந்தாலும் தெரியும்.

காச நோய் இன்னொரு குழப்பம். காசத்தால் நெறி கட்டியிருந்தால், அது படத்தில் புற்று நோய் போலவே ஒளி வீசும். நம் நாட்டில் காச நோய் அதிகம். ஆகவே இதை டாக்டர்கள் எப்போதும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் "எஸ்.யு.வி." என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். அந்த இடம் எவ்வளவு சர்க்கரையை இழுத்தது என்பதற்கு அது அளவு. அந்த எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பலர் நடுங்குகிறார்கள். எண் மட்டும் தீர்ப்பு ஆகாது.

தூரத்தில் ஓர் இடத்தில் ஒளி தெரிந்தால், முடிந்த வரையில் அங்கே ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். படத்தை மட்டும் பார்த்து, "நோய் பரவி விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கு இல்லை" என்று கைவிடக் கூடாது. குணமாகக் கூடிய ஒருவரைக் கைவிட்டதாக ஆகி விடும்!

பெட் எங்கே உதவும்?

அப்படியானால் பெட் படம் வீணா? இல்லை. இடம் தெரிந்து உபயோகித்தால் அது பெரிய உதவி.

நோய் ஆழமாக இறங்கி இருக்கிறது. அல்லது நிணநீர் முடிச்சுக்குப் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கிறது. பெரிய ஆபரேஷன் செய்ய யோசிக்கிறார்கள். அந்த நேரத்தில் பெட் படம் தலை முதல் தொடை வரை தேடிப் பார்க்கும். ஈரல், எலும்பு, கழுத்து ஆகிய இடங்களில் நோய் ஒளிந்திருந்தால் காட்டிக் கொடுக்கும்.

இதைப் பற்றி அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நடத்தின. முடிவு 2007-ல் வெளியானது. "ஆபரேஷன் செய்யலாம்" என்று கருதப்பட்ட 189 பேருக்குப் பெட் படம் எடுத்தார்கள். அவர்களில் 9 பேருக்குத் தூரத்தில் நோய் பரவி இருப்பதைப் படம் காட்டியது. பரிசோதனையில் அது உண்மை என்றும் தெரிந்தது. அதாவது 100-க்கு சுமார் 5 பேர். நெஞ்சைத் திறந்தும் பயன் இல்லாத ஆபரேஷனில் இருந்து அவர்கள் தப்பினார்கள். வேறு பொருத்தமான சிகிச்சை பெற வழி பிறந்தது.

பக்கத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளைப் பொறுத்தவரை பெட் படம் அவ்வளவு கெட்டி அல்ல. பெரிய பெட்ரோமாக்ஸ் விளக்குப் பக்கத்தில் அகல் விளக்கு வைத்தால் தெரியுமா? கட்டியின் ஒளியில், ஒட்டியுள்ள முடிச்சின் சின்ன ஒளி மறைந்து விடும். அதற்கு ஒலி அலை எண்டாஸ்கோப்பியே மேல்.

சர்க்கரையை நிறுத்தலாமா?

"புற்று நோய் சர்க்கரை தின்னும் என்றால், நோயாளி சர்க்கரையை விட்டு விட்டால் நோய் பட்டினி கிடந்து செத்து விடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

அப்படி நடக்காது. இனிப்பே சாப்பிடாவிட்டாலும், சோற்றில் இருந்தும் மற்ற உணவில் இருந்தும் உடம்பு சர்க்கரையைத் தயாரித்துக் கொள்ளும். பட்டினியால் இளைப்பது நோய் அல்ல, நோயாளிதான்! உணவுக் குழாய்ப் புற்று நோய் உள்ளவர்கள் ஏற்கெனவே மெலிந்திருப்பார்கள். அவர்களுக்குப் போஷாக்கு மிகவும் தேவை. கஞ்சி, பால், முட்டை, பருப்புத் தண்ணீர் என்று இறங்கக் கூடிய உணவைக் கொடுக்க வேண்டும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

புகையிலை, சிகரெட், பீடி, மது, பாக்கு ஆகியவை இந்த நோயை வரவழைக்கும். புகையும் மதுவும் ஒன்று சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு.

65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்கள் இந்த நோயை உண்டாக்கக் கூடும் என்று, 2016-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்று நோய் ஆராய்ச்சி நிலையம் அறிவித்தது. டீயோ காபியோ, சற்று ஆற்றிக் குடிப்பது நல்லது.

பல ஆண்டுகளாக நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும், உடல் பருமன் உள்ளவர்களுக்கும் குழாயின் அடிப் பகுதியில் இந்த நோய் வருவது உண்டு.

சோறு, இட்லி, மாமிசம் நெஞ்சில் சிக்குவது போல இருந்தாலும், விழுங்கும்போது வலித்தாலும், காரணம் இல்லாமல் உடம்பு இளைத்தாலும், குரல் கம்மி வாரக் கணக்கில் சரியாகாவிட்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். "தண்ணீர் குடித்தால் இறங்கி விடுகிறதே" என்று நாளைக் கடத்தக் கூடாது.

அப்படிப் போகும்போது, "எனக்குப் பெட் படம் எடுங்கள்" என்று யாரும் கேட்க வேண்டியது இல்லை. அதில் செலவு அதிகம். கதிரும் உடம்பில் படும். முதலில் எண்டாஸ்கோப்பி. சந்தேகம் இருந்தால் பயாப்சி. நோய் என்று தெரிந்தால், எவ்வளவு ஆழம் என்ற பரிசோதனை. தூரத்தில் பரவி இருக்குமோ என்று டாக்டர் நினைத்தால், அப்போது பெட் படம்.

இதுதான் வரிசை. படம் எடுக்கச் சொன்னால், "இதில் என்ன தெரிந்தால் சிகிச்சை மாறும்?" என்று நோயாளியின் குடும்பத்தார் டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு டாக்டர் விளக்கமாகப் பதில் சொல்லுவார்.